ஒரே மாதிரி இருந்த இரண்டு வரிகள்

பிழை திருத்த வருகிறவர்களை நான் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. பிழை செய்கிறவர்களையாவது நம்பலாம். அவசரத்தில் செய்திருப்பார்கள், அலுப்பில் செய்திருப்பார்கள், காரணம் கண்ணுக்குத் தெரியும். யாரும் கேட்காமல் தானாக வந்து திருத்திக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு என்ன காரணம் இருக்கும் என்று யோசிப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

இதை இப்போது எழுத வைத்தவள் ஸ்வாதி. நான் விட்டுவந்த வேலையை இன்று பார்க்கிற பெண். மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க அவ்வளவாக வராது. போன மாதம் ஃபோன் செய்தாள்.

“ஆன்ட்டி, இப்பல்லாம் ஏஐ-யே கரெக்‌ஷன் எழுதி அனுப்புது. டெய்லி குவியல் குவியலா வருது. எது மனுஷன் அனுப்பினது, எது மெஷின் அனுப்பினதுன்னே புரியல. நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“கண்டுபிடிக்க மாட்டேன். யார் அனுப்பினாலும் ஒரே மாதிரி சந்தேகப்படுவேன்” என்றேன்.

“சீரியஸாக் கேக்கறேன் ஆன்ட்டி. அந்த ரெண்டு வரி விஷயத்த எழுதிக் குடுங்க. புதுசா சேர்றவங்களுக்குக் குடுக்கறேன்.”

தமிழில்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லிக்கொள்ளட்டும்.

நான் தாராவியில் பிறந்தவள், இன்றும் தொண்ணூறடிச் சாலையில் இருக்கிறவள். பெயர் பியூலா. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு ஆங்கிலத்தில் திணறித் திணறி ஒரு பட்டப்படிப்பு. முதல் வேலை லோயர் பரேலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது. கம்பெனிகளின் ஆண்டறிக்கை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள், ஓட்டல் மெனு எல்லாம் படித்தேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். அர்த்தம் புரிந்து படித்தால் பிழை தெரியாது. சரியான வார்த்தையை மனசே போட்டுப் படித்துவிடும். அதனால் வரியின் கடைசியிலிருந்து வார்த்தை வார்த்தையாகப் பின்னோக்கிப் படிப்போம். அச்சகத்தை மூடியதும் அந்தேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் கையேட்டுப் பிரிவில் இடம் கிடைத்தது. மீதி வாழ்க்கை முழுக்க ஒரே மென்பொருளோடு போயிற்று.

அது மருந்துக் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கிற மென்பொருள். தடுப்பூசி, இன்சுலின், ரத்தம் இவற்றையெல்லாம் வைத்திருக்கிற பெட்டியின் வெப்பநிலை ஏறினால் மருத்துவமனை ஆட்களின் ஃபோனுக்கு எச்சரிக்கை போகும். பெரிய மருத்துவமனைகளுக்கு வேறு ஏற்பாடுகள் இருந்தன. எங்களுடையதைச் சின்ன நர்சிங் ஹோம்களும் சிற்றூர்ச் சுகாதார நிலையங்களும்தான் பயன்படுத்தின. அங்கே கணினி ஆள் என்று தனியாக யாரும் இருக்க மாட்டார். நர்ஸோ, மருந்துக் கடைப் பையனோ எங்கள் கையேட்டைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி ஒவ்வொன்றாகச் செய்வார்கள். கையேட்டில் என்ன இருக்கிறதோ அது நடக்கும்.

ஒரு தடவை ‘இந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது’ என்று இருக்க வேண்டிய வாக்கியத்தில் ‘கூடாது’ விட்டுப்போயிற்று. ஆங்கிலத்தில் ஒரே ஒரு சின்னச் சொல். ஒரு நர்சிங் ஹோமில் அதைப் படித்து அழுத்தினார்கள். எச்சரிக்கை மணி மொத்தமாக நின்றுவிட்டது. மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்த நர்ஸ் மருந்து எல்லாம் வெதுவெதுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் எங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். நல்ல வேளையாக அதில் யாருக்கும் ஊசி போட்டிருக்கவில்லை. அந்த அழைப்பை எடுத்தவள் நான். அவர் திட்டவே இல்லை. “நீங்க எழுதினதத்தானே செஞ்சோம்” என்று மட்டும் இந்தியில் கேட்டார்.

அன்று மாலை பிரிவுத் தலைவர் வைத்தியநாதன் என்னைக் கூப்பிட்டார். வைத்தி சார் என்போம். மாட்டுங்காக்காரர், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

“பியூலா, நான் எல்லாரையும் நம்பிடுவேன். அது என் சுபாவம், இனிமே மாறாது. அதனால சந்தேகப்படறதுக்குன்னு தனியா ஒருத்தர் வேணும். நாளையிலேர்ந்து அது நீங்கதான். நான் எழுதினதையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கோ.”

இப்படித்தான் அந்த உத்தியோகம் வந்தது.

சில வருஷம் கழித்து லாபம் இல்லையென்று கம்பெனி அந்த மென்பொருளைக் கைவிட்டது. போகிற போக்கில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அதன் நிரலையும் கையேட்டையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், குறை கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். வைத்தி சார் ஓய்வு பெற்ற பிறகும் அதைப் பொறுப்பாக நடத்தினார். ஓர் அறக்கட்டளை கொஞ்சம் உதவியது. நான் கையேட்டுக்குப் பொறுப்பு. வீட்டிலிருந்தே வேலை.

உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ திருத்தங்கள் வரும். பெரும்பாலும் எழுத்துப்பிழை, விட்டுப்போன காற்புள்ளி, செத்துப்போன இணைப்பு. திரையில் பழைய வரி சிவப்பிலும் அதற்குக் கீழே புதிய வரி பச்சையிலும் தெரியும். பார்த்துச் சரியென்றால் சேர்த்துவிடலாம். சேர்க்கும் உரிமை வைத்தி சாருக்கும் எனக்கும் நிரல் பார்த்துக்கொண்ட ஒரு பொறியாளருக்கும் மட்டும் இருந்தது.

நான் முதலில் சிவப்பைப் படிப்பேன். அது உண்மையிலேயே தப்புதானா என்று பார்க்காமல் பச்சைக்குப் போக மாட்டேன். திருத்தத்தில் கட்டளை ஏதாவது இருந்தால், வேறெதற்கும் பயன்படுத்தாத ஒரு பழைய கணினியில் அதை ஓட்டிப் பார்ப்பேன். காரணம் எழுதாமல் வந்த திருத்தத்தை, எவ்வளவு சரியாக இருந்தாலும், நிறுத்தி வைப்பேன். வைத்தி சார் வழி வேறு. அனுப்பியவரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று முதலில் தெரிந்துகொள்வார். போலந்துக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு அவருக்கு நன்றி எழுதினார். அந்த மனிதர் நெகிழ்ந்துபோய் ஒரு முழு அத்தியாயத்தையே சரிபார்த்துக் கொடுத்தார். என் வழியில் அது நடந்திருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்ட்டின் என்று ஒருவர் வந்தார். எந்த நாடு என்று எழுதவில்லை. காற்புள்ளிகளில் கைதேர்ந்தவர். ஒரு கட்டாக நாற்பது, ஐம்பது சின்னத் திருத்தங்களை அனுப்புவார். எல்லாம் சரியாக இருக்கும். கேள்வி கேட்டால் உடனே, பணிவாகப் பதில் வரும். ஒருமுறைகூட வாதாடியதில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. காற்புள்ளிக்காக இவ்வளவு மெனக்கெடுகிற மனிதர் ஒரு காற்புள்ளிக்காகவாவது சண்டை போட்டிருக்க வேண்டும். என் அனுபவத்தில் காற்புள்ளிக்காரர்கள் அப்படித்தான். ஆனால் உறுத்தலைச் சான்றாக நீட்ட முடியாது. ஆரம்பத்தில் அவர் அனுப்பியதையெல்லாம் நான் வரி வரியாகப் பார்த்தேன். பிறகு வேலை குவிந்தபோது அவருடைய கட்டுகளை வைத்தி சாரே வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷம் போல இப்படிப் போயிற்று. ஒரு நாள் வைத்தி சார் சொன்னார், “மார்ட்டினுக்குச் சேர்க்கற உரிமை கொடுத்துடலாம்னு இருக்கேன். நம்ம ரெண்டு பேராலயும் முடியல பியூலா.”

“அவரு யாருன்னே நமக்குத் தெரியாதே சார்.”

“ரெண்டு வருஷமா வேலை பார்த்திருக்கார். இன்னும் என்ன தெரியணும்?”

யோசிக்கலாம் சார் என்று சொல்லி வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் இசக்கிமுத்து என்ற பெயரில் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு முன்பும் அந்தப் பெயரில் சில வந்திருந்தன. ஒரே சொல் இரண்டு தடவை வந்த இடம், இரண்டு சொற்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்ட இடம் என்று கண்ணுக்குத் தப்புகிறவற்றையே பிடித்து அனுப்புவார். ஆனால் படத்துக்கு அடியில் குறிப்பு தலைகீழாகப் போயிருந்ததை, பார்த்த உடனே தெரிகிற தப்பை, அதே பக்கத்தில் விட்டிருந்தார். அதுவே விசித்திரமாக இருந்தது.

இந்தத் தடவை வந்தது ஒரே ஒரு வரி. மென்பொருளின் புதிய பதிப்பை எந்த முகவரியிலிருந்து இறக்கிக்கொள்வது என்று சொல்கிற வரி. சிவப்பில் ஒரு வரி, பச்சையில் ஒரு வரி. இரண்டும் ஒன்றே. முன்னாலிருந்து படித்தேன், பின்னாலிருந்து படித்தேன், எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டும் வேறு என்று கணினி அடித்துச் சொல்லியது.

கையேட்டிலேயே ஆபத்தான வரி அதுதான். அதைத் தொட்டிருக்கிறார், ஆனால் எதைத் தொட்டார் என்று தெரியவில்லை. சிவப்பு நம்முடைய வரி, எவ்வளவோ காலமாக இருப்பது. ஏதாவது ஒளிந்திருந்தால் பச்சையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

காரணம் கேட்டு எழுதினேன். ‘அந்தச் சொல் சரியாக ஒலிக்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரிப் பதில் வந்தது. முகவரி எப்படி ஒலிக்கும்? மறுபடி கேட்டேன். ‘எழுதி விளக்குவது கஷ்டம், நான் மும்பையில் செம்பூரில் இருக்கிறேன், நீங்களும் மும்பை என்று போட்டிருக்கிறீர்கள், தமிழ் தெரியுமா’ என்று வந்தது. தாராவியில் இருக்கிறவளிடம் செம்பூர்க்காரர், அதுவும் தமிழர் என்று சொன்னால் நான் என்ன நினைப்பேன்? என்னைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

வைத்தி சாருக்குக் காட்டினேன்.

“வரி அப்படியேதானே இருக்கு. வரி முடியற இடத்துல கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு உண்டு, கணினிக்குக் கணினி மாறும். தினம் நடக்கறது. சேர்த்துடுங்கோ.”

“சேர்க்க மாட்டேன் சார். இவரு ஆளு சரியில்லன்னு தோணுது.”

“மார்ட்டினும் சரியில்ல, இசக்கிமுத்துவும் சரியில்ல. அப்போ யார்தான் சரி?” என்று கேட்டுவிட்டு, கோபமில்லாமல் சிரித்தார். “செம்பூர்தானே, நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடுங்கோளேன்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, குர்லாவில் வண்டி மாறி செம்பூரில் இறங்கினேன். வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று நான் எழுதிக் கேட்டதற்கு அவர் அனுப்பியிருந்த முகவரியை ஆட்டோக்காரரிடம் காட்டியபோது, “ஏ தோ தேவ்நார் ஹை” என்றார். செம்பூர் என்று சொன்னவர் தேவ்நாரில் இருக்கிறார். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். போகிற இடத்தை என் தங்கைக்கு ஃபோனில் அனுப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

குடியிருப்பின் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். உள்ளே வரச் சொல்லாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“யாரு வேணும்?”

“இசக்கிமுத்துவப் பாக்க வந்திருக்கேன். பியூலான்னு பேரு.”

“தனியாவா வந்திருக்கீங்க?”

“ஆமா.”

அவள் எனக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஆண் குரல் கேட்டது. “மாரியக்கா, உள்ள வரச் சொல்லு. நான் கேட்டுக்கிடுதேன்.”

கட்டிலில் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மடிக்கணினி, அதன் திரை அணைந்து கறுப்பாக இருந்தது. முகத்தை என் பக்கம் திருப்பினார், ஆனால் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்வை இல்லாதவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“உக்காருங்க மேடம். கோவிச்சுக்கிடாதீங்க, மொதல்ல ஒரு விஷயம். நீங்க நிஜமாவே பியூலா மேடந்தானான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் சந்தேகத்தை மூட்டை கட்டிக்கொண்டு தேவ்நார் வரை வந்திருக்கிறேன். இவர் எனக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

“கார்டு காட்டுறேன். உங்க அக்கா பாக்கட்டும்.”

“கார்டு இந்த ஊர்ல கேட்ட மாதிரி செஞ்சு தருவான் மேடம். ஒரு லைன் திருத்துனதுக்கு வீட்டுக்கு வந்து பாக்கணும்னு யாராவது சொல்லுவாங்களா? ஏதோ கோல்மால்னு அக்கா சொல்லுதா. போலீஸாக்கூட இருக்கலாம்னு சொல்லுதா. நான் ஒண்ணு சொல்லுதேன், அதுல என்ன தப்புன்னு சொல்லுங்க. போன வருஷம் எனக்கு நீங்க இங்கிலீஷ்ல இப்பிடி எழுதுனீங்க: ‘திருத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் காரணம் இல்லாததால் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.’”

கொஞ்சம் யோசித்தேன். “இவ்வளவு நீளமா எழுதியிருக்க மாட்டேன். ‘திருத்தம் சரி. காரணம் இல்லை.’ இப்படித்தான் எழுதியிருப்பேன். தயவுசெய்துன்னு போட்டிருக்கவே மாட்டேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “இவங்கதான்க்கா. டீ போடு.”

பிறகுதான் பேச்சு இயல்பாயிற்று. அவர் ஒரு வங்கியின் தொலைபேசி உதவி மையத்தில் வேலை செய்கிறார். மாரி ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். அங்கே எங்கள் மென்பொருளை நிறுவ வேண்டி வந்தபோது அக்காவுக்காகக் கையேட்டைப் படிக்க ஆரம்பித்தவர், பழக்கத்தில் தொடர்ந்து படித்திருக்கிறார். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டுகிற மென்பொருள் மூலம் கேட்டே படிக்கிறார். ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் காதில் விழுமே, படத்தில் உள்ள தப்பு எப்படி விழும்?

“செம்பூர்னு சொன்னீங்க, இது தேவ்நார் இல்லியா?” என்று கேட்டேன். கேட்காமல் விட என்னால் முடியாது.

“தேவ்நார்னா ‘கச்சரா கிரவுண்டா’, குப்பை கொட்டுத எடமான்னு கேப்பான் மேடம். இங்ஙன எல்லாருமே வேலைக்கு மனு போட்டாலும் செம்பூர்னுதான் எழுதுவோம்.”

“பார்வை இல்லன்னு ஏன் ஒரு தடவகூட எழுதல?”

“எழுதுனா ‘வெல்டன்’னு தட்டிக் குடுத்துருவாங்க. வரியப் படிக்க மாட்டாங்க.”

அந்த வரியைக் கேட்க வேண்டும் என்றேன். அவர் எனக்காகத் திரையை ஒளிரவிட்டு, பக்கத்தைத் திறந்து முதலில் தன் பச்சை வரியை ஓடவிட்டார். இயந்திரக் குரல் முகவரியை மளமளவென்று ஒரே மூச்சில் வாசித்தது. பிறகு எங்கள் சிவப்பு வரி. குரல் பாதியில் திக்கியது. ஒரு சொல்லின் நடுவே நின்று, வேறென்னவோ ஒலியை எழுப்பி, மறுபடி தொடர்ந்தது.

“கேட்டீங்களா? அங்ஙன தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி நிக்குது. யாரோ டைப் அடிக்கும்போது கை தவறிட்டாங்க போலன்னு நெனச்சேன். நான் திருப்பி அடிச்சேன், சரியாயிட்டு.”

“அந்த ஒரு எழுத்து என்னன்னு கேக்க முடியுமா?”

எழுத்து எழுத்தாக நகர்த்தினார். ஒரு இடத்தில் குரல் சொன்னது, அது ரஷ்ய எழுத்து என்று.

தமிழில் ‘எ’ என்ற எழுத்தையும் ஏழு என்பதற்கான பழைய தமிழ் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. கணினிக்கு மட்டும் அவை இரண்டும் வேறு வேறு. அதுபோல ஆங்கில ‘ஏ’ எழுத்துக்கு ரஷ்ய எழுத்துகளில் ஓர் இரட்டைப் பிறவி உண்டு. எங்கள் முகவரியில் ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டு அதை வைத்திருந்தார்கள். அதனால் அது எங்கள் முகவரியே இல்லை. பார்க்க அப்படியே இருக்கிற வேறு யாருடையதோ முகவரி. இப்படிக் கலந்து எழுதிய பெயரை எல்லா இடத்திலும் பதிவு செய்ய விடமாட்டார்கள். விடுகிற இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். கையேட்டிலிருந்து அந்த வரியை அப்படியே நகல் எடுத்து ஒட்டுகிற நர்ஸுக்கு, எங்களுடையது என்று நினைத்து அவர்களுடையது இறங்கும்.

ஆக விஷம் பச்சையில் இல்லை. நம்முடையது என்று நான் நம்பிய சிவப்பில் இருந்தது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. “தம்பி, இத கை தவறி அடிக்க முடியாது. ஆங்கில விசைப்பலகையில அந்த எழுத்தே கிடையாது” என்றேன்.

அவர் கை மடிக்கணினியின் மேல் அப்படியே நின்றது. “அப்போ வேணும்னே வச்சதா?”

“இன்னும் எங்கெல்லாம் முகவரி வருதோ, எல்லாத்தையும் ஓட விடுங்க.”

கையேட்டில் அந்த முகவரி வருகிற பக்கங்களை நான் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அவர் திறந்து ஓடவிட்டார். மாரி கதவைச் சாத்திவிட்டு வந்து அருகில் நின்றாள். மேலும் இரண்டு இடங்களில் குரல் திக்கியது. அவற்றை இசக்கி அதற்கு முன் படித்திருக்கவில்லை. மூன்று வரிகளையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று வரலாற்றைப் பார்த்தோம். மூன்றும் மார்ட்டின். ஒவ்வொன்றும் ஐம்பது காற்புள்ளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.

வைத்தி சாருக்கு ஃபோன் செய்தேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரே இரைச்சல். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“பியூலா, இன்னிக்குக் கார்த்தாலதான் அவருக்கு உரிமை கொடுத்தேன்.”

அந்த உரிமை கையில் இருந்தால் கையேட்டில் மட்டுமல்ல, எதில் வேண்டுமானாலும் எழுதலாம். யாரும் பார்க்க வேண்டியதில்லை. அந்த உரிமையைப் பறிக்கிற அதிகாரம் வைத்தி சார் ஒருவருக்குத்தான் இருந்தது, அதுவும் அவர் வீட்டுக் கணினியிலிருந்து.

“பையை அங்கேயே வச்சிட்டு வீட்டுக்குப் போங்க சார்.”

“போறேன். போயிண்டிருக்கேன்.”

எழுபதைத் தாண்டியவர். ஃபோனைத் துண்டிக்காமலே நடந்தார். மூச்சிரைப்பு கேட்டது. வழியில் யாரோ “என்ன மாமா இப்படி ஓடறேள்” என்று கேட்டதுகூடக் காதில் விழுந்தது. தேவ்நாரில் அந்தச் சின்ன அறையில் நாங்கள் மூன்று பேரும் திரையைப் புதுப்பித்துப் புதுப்பித்து, ஏதாவது மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இசக்கி காதைத் திரைக்குக் கொடுத்திருந்தார். என்னால் பார்க்க முடிந்ததைவிட அவர் வேகமாகக் கேட்டார்.

“எடுத்துட்டேன்” என்று வைத்தி சார் சொன்னபோது மாரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மார்ட்டின் அதற்குள் எதையும் சேர்த்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதாலோ என்னவோ. அன்றே மூன்று வரிகளையும் திருத்தினோம். எங்கள் பொறியாளர் அந்தப் போலி முகவரியில் இருந்ததை ஆராய்ந்தார். எங்கள் மென்பொருளேதான், கூடவே மருத்துவமனைக் கணினியின் கடவுச்சொற்களை வெளியே அனுப்புகிற ஒரு சின்னச் சேர்க்கை. அந்த வரிகள் கையேட்டில் இருந்த காலத்தில் பதிப்பை மாற்றிய எல்லோரும் மறுபடி நிறுவ வேண்டும் என்று அறிவிப்புப் போட்டோம், தெரிந்தவர்களுக்கெல்லாம் ஃபோன் செய்தோம். சில மருத்துவமனைகளில் அது இறங்கியிருந்தது. துடைத்து எடுத்தார்கள். அங்கிருந்து என்னென்ன போயிற்று என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத இடம் அது.

மார்ட்டின் அதன் பிறகு வரவே இல்லை. அந்தக் கணக்கு வெறுமையாகிவிட்டது. அது ஒரு ஆளா, பல பேரா, ஆணா, பெண்ணா, எதுவும் தெரியாது. புகார் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. வைத்தி சார் பல நாள் பேச்சுக் குறைந்துபோயிருந்தார். ஒரு நாள் தானாகச் சொன்னார், “ரெண்டு வருஷம் பியூலா. ஒரு கமாகூடத் தப்பாப் போடலையே அந்த மனுஷன்.” ஏமாந்த வருத்தத்தைவிட நல்ல வேலைக்காரரை இழந்த வருத்தம்தான் அதில் அதிகம் இருந்தது.

ஸ்வாதிக்கும் அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் இந்த ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். இசக்கியின் மேல் நான் கொண்ட சந்தேகம் தப்பு. ஆனால் வைத்தி சார் சொன்னபடி அந்தத் திருத்தத்தை நம்பி அன்றே சேர்த்திருந்தால் ஒரு வரி சத்தமில்லாமல் சரியாகியிருக்கும். மற்ற இரண்டும் அப்படியே இருந்திருக்கும். கை தவறியதாக நினைத்த இசக்கி அத்தோடு மறந்திருப்பார். மார்ட்டின் உரிமையோடு உள்ளே இருந்திருப்பார். ஆளைத் தப்பாகச் சந்தேகித்தேன், வரியைச் சரியாகச் சந்தேகித்தேன். ஆகவே பிள்ளைகளே, ஆளை விடுங்கள். மெஷினா மனுஷனா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். வரியைப் பாருங்கள்.

ஆளை விட்டேன் என்று நான் சொன்னாலும் உண்மையில் முழுக்க விடவில்லை. வீடு திரும்பிய மறுநாளே, மார்ட்டின் என்ற பெயரில் இசக்கியே வைத்து இசக்கியே கண்டுபிடித்துக் காட்டியிருப்பாரோ என்றுகூட யோசித்தேன். இந்தத் துறையில் அப்படியும் நடக்கும். அவர் அனுப்பிய எல்லாத் திருத்தங்களையும் முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். சுத்தமாக இருந்தன. ஒரு வருஷம் கழித்து அவரிடமே இதைச் சொன்னேன்.

“தெரியும் மேடம்” என்றார். “நீங்க சேக்குற ஒவ்வொண்ணையும் நானும் ஓட விட்டுக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.”

“எப்பயிருந்து?”

“அன்னைக்கு நீங்க வீட்டுல இருந்து எறங்குனதுல இருந்து.”

வைத்தி சார் பொறுப்பை விட்டபோது அவரிடமிருந்த உரிமைகளையெல்லாம் இசக்கிக்குக் கொடுக்கச் சொன்னவள் நான்தான். அறக்கட்டளைக்காரர்கள், கண் தெரியாதவர் எப்படி என்று இழுத்தார்கள். கண் தெரிந்த நாங்கள் மூன்று பேர் பார்த்த லட்சணத்தைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். அதிலிருந்து எந்தத் திருத்தத்தையும் ஒருவர் பார்க்க வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும் என்று விதி வைத்தோம். இரண்டு பேரும் சரியென்றால்தான் சேரும். என்னுடையதும் அப்படியே, அவருடையதும் அப்படியே.

போன வருஷம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். இனி திரையின் முன் நாள் முழுக்க உட்கார முடியாது என்று தெரிந்தது. விலகுகிறேன் என்று சொன்னேன். ஸ்வாதி ஆன்லைனில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தாள், நல்ல வார்த்தைகள் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் இசக்கியைத் தனியாக ஃபோனில் கூப்பிட்டு, என் உரிமையை எடுத்துவிடச் சொன்னேன்.

ஸ்வாதியாக இருந்தால் ‘இருக்கட்டும் ஆன்ட்டி, நீங்கதானே’ என்றிருப்பாள். வேலையில் இல்லாத ஒருத்தியின் பெயரில் திறந்து கிடக்கிற கதவுதான் மார்ட்டின்களுக்கு வேண்டியது. இசக்கி அப்படியெல்லாம் சொல்லவில்லை. விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“எடுத்துட்டேன் மேடம். இப்பம் ஏதாவது ஒரு வரிய மாத்தப் பாருங்க.”

முயன்று பார்த்தேன். அனுமதி இல்லை என்று திரை சொன்னது.

“போகலியா?”

“போகல.”

“பக்காவா?”

“பக்காதான் தம்பி.”

“லைன்லயே இருங்க. நீங்க சொல்லுததை மட்டும் வச்சு எப்பிடி முடிக்கது? இங்ஙனயிருந்து நானும் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்.”

மறுமுனையில் இயந்திரக் குரல் என் பெயரை வாசித்து, அதற்கு எதிரே எந்த உரிமையும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. அவர் அதை இன்னொரு முறை ஓடவிட்டார். நான் குறுக்கே பேசாமல் காத்திருந்தேன். இனி எனக்கு அங்கே வேலையில்லை என்ற நிம்மதி அப்போதுதான் வந்தது.